குழந்தைங்களுக்கு கேன்சர் ஏன் வருதுன்னு ஒரு ஆராய்ச்சி செய்தி வந்தா அதை எப்படி படிக்கணும்

போன வாரம் ராத்திரி 11.45 இருக்கும், ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தா. அவ பையனுக்கு நாலு வயசு, ஏ.எல்.எல்-னு (பிள்ளைங்களுக்கு வர்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) சொல்லி ஒரு மாசந்தான் ஆகுது, இன்னும் முதல் கட்ட கீமோவே முடியல. யாரோ ஒரு ஃபார்வர்ட் அனுப்பியிருக்காங்க, நூடுல்ஸும் மைதா பிஸ்கட்டும் சாப்பிடற பிள்ளைங்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரும்னு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு. "அக்கா, நான் மாசமா இருந்தப்ப வாரத்துல மூணு நாள் நூடுல்ஸ்தான்க்கா சாப்பிட்டேன், வேலைக்குப் போயிட்டு வந்து சமைக்க முடியல, அதனாலதானாக்கா?" அவ்வளவுதான் பேசியிருந்தா, பின்னாடி ட்ரிப் மெஷின் பீப் பீப்னு அடிக்கற சத்தம்.

எனக்கு அந்த சத்தம் நல்லா தெரியும். என் பொண்ணுக்கு மூணரை வயசுல ஏ.எல்.எல், ரெண்டரை வருஷம் ட்ரீட்மென்ட், இப்ப 11 வயசு, ஸ்கூல் போறா. அந்த ரெண்டரை வருஷத்துல என்கிட்ட "நீ என்ன சாப்பிட்ட, பிள்ளைக்கு என்ன குடுத்த"ன்னு கேக்காதவங்களே கிடையாது, மாமியார்ல இருந்து பால்காரர் வரைக்கும். அதுக்கு பதில் தேடித்தான் நான் இந்த ஆராய்ச்சியெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். நான் டாக்டர் இல்ல, ஆனா எட்டு வருஷமா படிச்சதுல ஒரு செய்தி வந்தா அதுகிட்ட என்னென்ன கேள்வி கேக்கணும்னு கொஞ்சம் பிடிபட்டிருக்கு, அதை இங்க எழுதறேன், இப்ப வார்டுல உக்காந்துகிட்டு போனை நோண்டிகிட்டிருக்கற அம்மா அப்பாவுக்காக.

முதல்ல பார்க்க வேண்டியது எந்த கேன்சர்னு. "குழந்தைப் புற்றுநோய்"னு ஒரு வியாதியே கிடையாது, அது ஒரு பேர் அவ்வளவுதான். ரத்தத்துல வர்ற லுக்கீமியா, மூளைக் கட்டி, கிட்னில வர்ற வில்ம்ஸ், நரம்பு செல்லுல வர்ற நியூரோபிளாஸ்டோமா, கண்ணுல வர்ற ரெட்டினோபிளாஸ்டோமா, எலும்புல வர்றது, ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற, வர்ற வயசு வேற. ரெட்டினோபிளாஸ்டோமாவ எடுத்துக்குங்க, ஒரே ஜீனோட ரெண்டு காப்பியும் கெட்டுப்போனாதான் அது வரும்னு 1971-ல ஆல்ஃப்ரட் நட்சன்னு ஒரு டாக்டர் கணக்குப் போட்டே சொன்னாரு, பின்னாடி அந்த ஜீனையும் கண்டுபிடிச்சாங்க. அதுல நீங்க குடுத்த பிஸ்கட்டுக்கு வேலையே இல்ல. அதனால செய்தியில எந்த கேன்சர்னு போடாம "குழந்தைகளுக்கு கேன்சர்"னு மட்டும் இருந்தா அங்கயே பாதி நம்பிக்கைய எடுத்துடுங்க. பெரியவங்க கேன்சர்ல கண்டுபிடிச்சத தூக்கி பிள்ளைங்க மேல போடறதும் நிறைய நடக்குது. 2015-ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு ஐ.ஏ.ஆர்.சி, சாசேஜ் மாதிரி பதப்படுத்தின இறைச்சிய முதல் குரூப்ல போட்டாங்க, அது பெரியவங்க பெருங்குடல் கேன்சர வச்சு சொன்னது, உடனே இங்க பிள்ளைக்கு ஒரு தடவ சாசேஜ் குடுத்த அம்மாவெல்லாம் பயந்து போனாங்க.

அந்த குரூப் விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன். ஐ.ஏ.ஆர்.சி குரூப் 1, 2ஏ, 2பி-ன்னு பிரிக்கறது ஆதாரம் எவ்வளவு உறுதின்னு சொல்றதுக்கு, எவ்வளவு ஆபத்துன்னு சொல்றதுக்கு இல்ல. சிகரெட்டும் சாசேஜும் ஒரே குரூப்ல இருக்குன்னா ரெண்டுமே கேன்சர் உண்டாக்கும்ங்கறது உறுதின்னு அர்த்தம், ரெண்டும் சமமான ஆபத்துன்னு அர்த்தம் இல்ல.

அடுத்தது, யார்கிட்ட பாத்தாங்க. டெஸ்ட் ட்யூப்லயா, எலியிலயா, பிள்ளைங்ககிட்டயா? 2000-ல ஒரு ஆய்வு வந்துச்சு, காய்கறி, சோயால எல்லாம் இயற்கையா இருக்கற ஃப்ளேவனாய்டுங்கற பொருட்கள் லேப்ல வச்ச செல்லுல, கைக்குழந்தை லுக்கீமியாவுல உடையற அதே ஜீன உடைக்குதுன்னு. நல்ல ஆய்வுதான், ஒரு கேள்வி கேக்க உதவுச்சு. ஆனா தட்டுல இருக்கற செல்லு மேல ஊத்தற அளவு வேற, அம்மா சாப்பிட்டு செரிச்சு ஈரல் தாண்டி தொப்புள்கொடி வழியா பிள்ளைக்குப் போற அளவு வேற. இந்த மாதிரி லேப் ஆய்வ வச்சுகிட்டு காய்கறிய நிறுத்தினா நஷ்டம் நமக்குத்தான். எலியும் அப்படித்தான், சாக்கரின் எலிக்கு மூத்திரப்பையில கேன்சர் உண்டாக்குதுன்னு வருஷக்கணக்கா அமெரிக்கா சந்தேகப் பட்டியல்ல இருந்துச்சு, அது எலி உடம்புல மட்டும் நடக்கற விஷயம்னு தெரிஞ்சு 2000-ல எடுத்துட்டாங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயத்துக்கு வர்றேன், அம்மாக்கள் ஞாபகம். பிள்ளைங்களுக்கு கேன்சர் அபூர்வம்ங்கறதால லட்சம் பேர பிறந்ததுல இருந்து பின்தொடர்ந்து பாக்கறது கஷ்டம், அதனால பெரும்பாலும் வியாதி வந்த பிள்ளைங்க அம்மாவையும் வராத பிள்ளைங்க அம்மாவையும் உக்கார வச்சு பழசக் கேப்பாங்க. எங்ககிட்டயும் கேட்டாங்க. ஆஸ்பத்திரி டே கேர் வராண்டாவுல சின்ன வயசு டாக்டர் பொண்ணு ஒருத்தி ஒரு கட்டு பேப்பரோட வந்து உக்காந்தா, கர்ப்பமா இருந்தப்ப வாரத்துக்கு எத்தனை தடவ மீன், வீட்டுல என்ன கொசுவத்தி, கரப்பான் ஸ்ப்ரே அடிச்சீங்களா, எந்த மாசத்துல, தண்ணி எங்க இருந்து. நான் ரெண்டு மணி நேரம் எடுத்துகிட்டேன். வீட்டுக்காரர போன்ல கூப்பிட்டு கேட்டேன், பழைய போன் கேலரில வளைகாப்பு போட்டோவ தேடி அன்னிக்கு இலையில என்ன இருந்துச்சுன்னு பெருசு பண்ணிப் பாத்தேன், கட்டிலுக்கு அடியில கொசுவத்தி சுட்ட கறுப்பு வட்டம் ஒண்ணு இருக்குமே அது கூட ஞாபகம் வந்துச்சு. அதே பேப்பர வியாதி இல்லாத பிள்ளையோட அம்மான்னு என் நாத்தனாரும் நிரப்பினா, அவ பஸ் ஸ்டாண்டுல நின்னுகிட்டே அஞ்சு நிமிஷத்துல டிக் பண்ணி முடிச்சுட்டா, கொசுவத்தி கேள்விக்கு "இல்லை"ன்னு போட்டிருந்தா, நான் அவ வீட்டுக்கு எத்தனையோ தடவ போயிருக்கேன், சாயங்காலம் ஆனா அவ வீட்டுல கொசுவத்தி இல்லாம இருந்ததே இல்ல.

அவ பொய் சொல்லல. அவளுக்கு தேடவேண்டிய அவசியம் இல்ல, எனக்கு இருந்துச்சு. இப்ப இந்த ரெண்டு பேப்பரையும் கம்ப்யூட்டர்ல போட்டா என்ன வரும்? கொசுவத்தி கொளுத்தின அம்மா பிள்ளைக்கு லுக்கீமியா, கொளுத்தாதவங்க பிள்ளைக்கு இல்லன்னு வரும். இதுக்குப் பேர் ரீகால் பயஸ். சாப்பாடு சம்பந்தமான ஆய்வு எது வந்தாலும் நான் முதல்ல தேடறது இதத்தான், நேர்ல கேட்டு எழுதினதா, இல்ல முன்னாடியே எழுதி வச்ச ரெக்கார்டுல இருந்து எடுத்ததான்னு.

ஆனா அம்மாக்கள் ஞாபகம்னாலே தப்புன்னும் தள்ளிடக் கூடாது, அதுக்கு ஒரு பெரிய கதை இருக்கு. 1950-கள்ல இங்கிலாந்துல ஆலிஸ் ஸ்டூவர்ட்னு ஒரு டாக்டரம்மா, பிள்ளைங்களுக்கு லுக்கீமியா கூடிகிட்டே போகுதே ஏன்னு யோசிச்சாங்க. எல்லாரும் நோயப் பத்தி டாக்டர்களக் கேட்டாங்க, இவங்க போய் அம்மாக்களக் கேட்டாங்க, பிள்ளைய பறிகொடுத்த அம்மாவையும் அதே ஊர்ல நல்லா இருக்கற பிள்ளையோட அம்மாவையும். அந்த ஆய்வுக்கு கிடைச்ச பணம் வெறும் 1,000 பவுண்டு, அத குடுத்தது யாருன்னா லேடி டாடா மெமோரியல் ட்ரஸ்ட். தொராப்ஜி டாடாவோட மனைவி மெஹர்பாய் 1931-ல லுக்கீமியாவுல போனதுக்கு அப்புறம் அவர் ஆரம்பிச்சது. நம்ம நாட்டுப் பணம் அங்க போய் இப்படி ஒரு வேலைக்கு ஆகியிருக்குன்னு படிச்சப்ப நான் அழுதுட்டேன், ஏன்னு சொல்லத் தெரியல.

வந்த பேப்பர்ல ஒரு விஷயம் தனியா தெரிஞ்சுச்சு, கர்ப்பமா இருந்தப்ப வயித்துல எக்ஸ்ரே எடுத்த அம்மாக்கள் பிள்ளைங்களுக்கு கேன்சர் சுமார் ரெண்டு மடங்கு. 1956-ல சின்னதா ஒரு கடிதம், 1958-ல முழு ஆய்வு. உடனே யாரும் ஒத்துக்கல, பிள்ளைய இழந்த அம்மாவுக்கு எல்லாமே அதிகமா ஞாபகம் இருக்கும்னு, நான் மேல சொன்ன அதே காரணத்த சொன்னாங்க. நியாயமான சந்தேகந்தான். அத தீர்த்தது 1962-ல அமெரிக்காவுல பிரையன் மக்மேஹன், அவர் எந்த அம்மாவையும் கேக்கல, 37 பிரசவ ஆஸ்பத்திரில பிறந்த ஏழு லட்சத்துக்கும் மேல பிள்ளைங்களோட ரெக்கார்ட எடுத்தாரு, எக்ஸ்ரே எடுத்தாங்களா இல்லையான்னு அதுலயே எழுதியிருக்கு. வயித்துல எக்ஸ்ரே பட்ட பிள்ளைங்க கேன்சர்ல இறந்தது சுமார் 40 சதவீதம் கூடுதல்னு வந்துச்சு. ரெண்டு மடங்கு இல்ல, ஆனா இருக்கறது உண்மை. இன்னிக்கு எக்ஸ்ரே ரூமுக்கு வெளிய "கர்ப்பமா இருந்தா முன்கூட்டியே சொல்லவும்"னு போர்டு தொங்குதே, அதுக்குப் பின்னாடி அந்த அம்மாக்கள் ஞாபகம் இருக்கு.

அதனால ஒரு ஆய்வு வந்தா, இதையே வேற ஊர்ல, வேற முறையில, வேற ஆளுங்க செஞ்சாங்களான்னு பாருங்க. இதுக்கு நேர் எதிரா நடந்ததும் உண்டு. பிறந்த உடனே தொடையில வைட்டமின் கே ஊசி போடுவாங்க இல்லையா, ரத்தக் கசிவு வராம இருக்க, அந்த ஊசி போட்ட பிள்ளைங்களுக்கு கேன்சர் ரெண்டு மடங்குன்னு 1992-ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. ஜனங்க ஊசிய வேணாம்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே ஸ்வீடன்ல 13 லட்சத்துக்கும் மேல பிள்ளைங்கள வச்சுப் பாத்தாங்க, சம்பந்தம் இல்ல. அமெரிக்காவுலயும் இல்ல. ஆனா ஊசி போடாத பிள்ளைக்கு மூளையில ரத்தம் கசியற ஆபத்து இருக்கே அது நிஜம். அதனாலதான் முதல் செய்திய நம்பி எதையும் நிறுத்தாதீங்கன்னு இவ்வளவு சொல்றேன், முக்கியமா ஊசி, தடுப்பூசி, மருந்து இதுல.

அடுத்தது நம்பர். "ரிஸ்க் ரெண்டு மடங்கு"ன்னு போட்டா, எதுல ரெண்டு மடங்குன்னு கேளுங்க. கரண்ட் டவர், ஹை டென்ஷன் லைன் விஷயத்துல இத நல்லா புரிஞ்சுக்கலாம். 1979-ல டென்வர்ல நான்சி வெர்ட்ஹைமர், எட் லீப்பர்னு ரெண்டு பேர் கரண்ட் லைன் பக்கத்துல இருக்கற பிள்ளைங்களுக்கு லுக்கீமியா அதிகம்னு சொன்னாங்க. 2000-ல பல நாட்டு ஆய்வையும் சேர்த்துப் பாத்தப்ப காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல இருக்கற வீட்டுல ரெண்டு மடங்குன்னு வந்துச்சு, 2002-ல ஐ.ஏ.ஆர்.சி 2பி-ல, அதாவது "காரணமா இருக்கலாம்"ங்கற குரூப்ல போட்டாங்க. கேக்கவே பயமா இருக்கும். இப்ப கணக்கு போடுங்க, மேல்நாட்டு கணக்குப்படி 15 வயசுக்குள்ள ஒரு லட்சம் பிள்ளைங்கள்ல வருஷத்துக்கு சுமார் 4, 5 பேருக்கு லுக்கீமியா வருது, அது ரெண்டு மடங்குன்னா 8, 10. மிச்சம் 99,990 பேருக்கு வரல. அந்த அளவு காந்தப்புலம் இருந்த வீடு அந்த ஆய்வுகள்லயே நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல. இது சும்மா விட்டுடற விஷயம்னு நான் சொல்லல, புதுசா வீடு பாக்கறவங்க டவர் கீழ பாக்க வேணாம், ஆனா ஏற்கனவே இருந்த வீட்ட நினைச்சு தூக்கம் கெடாதீங்க.

ஆய்வோட சுருக்கத்த பப்மெட்ங்கற மருத்துவ ஆய்வு இணையதளத்துல இலவசமாவே படிக்கலாம். இங்கிலீஷ்ல வியாதி பேரையும் பொருள் பேரையும் போட்டு தேடுங்க, வர்றதுல பல ஆய்வ சேர்த்துப் பாத்த மெட்டா அனாலிசிஸ் இருந்தா அத முதல்ல திறங்க. 2015-ல தாய்ப்பால் பத்தி வந்தது ஒண்ணு, 18 ஆய்வ சேர்த்தது, ஆறு மாசமோ அதுக்கு மேலயோ தாய்ப்பால் குடிச்ச பிள்ளைங்களுக்கு லுக்கீமியா ரிஸ்க் 19 சதவீதம் குறைவுன்னு. அதுல ஆட்ஸ் ரேஷியோ, அதாவது ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடற நம்பர், 0.81, பக்கத்துல 0.73 முதல் 0.89-னு போட்டிருக்கும். 1-ங்கறது சமம், வித்தியாசம் இல்ல. 1-க்கு கீழ போனா குறைவு, மேல போனா அதிகம். பக்கத்துல இருக்கற ரெண்டு நம்பருக்கு நடுவுல 1 வந்துடுச்சுன்னா, அதாவது 0.7 முதல் 2.6 வரைன்னு இருந்தா, அந்த ஆய்வால உறுதியா ஒண்ணும் சொல்ல முடியலன்னு அர்த்தம். இங்க ரெண்டு பக்கமும் 1-க்கு கீழ, அதனால கொஞ்சம் நம்பலாம். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா போதும், பாதி தலைப்புச் செய்தி அங்கயே விழுந்துடும். ஒண்ணு சொல்லிக்கறேன், நான் என் பொண்ணுக்கு ஒன்றரை வயசு வரைக்கும் பால் குடுத்தேன். 19 சதவீதம் குறைவுன்னா குறைவு, அவ்வளவுதான்.

"எங்க தெருவுலயே மூணு பிள்ளைக்கு இருக்கு, தண்ணிதான் காரணம்"னு சொல்றவங்க நிறைய. ஒரு கைப்பிடி அரிசிய தரையில வீசிப் பாருங்க, எங்கயும் சமமா விழாது, ஒரு இடத்துல நாலஞ்சு சேந்து கிடக்கும், ஒரு இடத்துல ஒண்ணுமே இருக்காது. யாரும் வேணும்னு சேத்து வைக்கல. வியாதியும் அப்படி சில இடத்துல தற்செயலா சேந்து தெரியும். அமெரிக்காவுல நெவாடால ஃபாலன்னு ஒரு சின்ன ஊர், 1997-ல இருந்து 2002-க்குள்ள 16 பிள்ளைங்களுக்கு லுக்கீமியா, தண்ணி, மண்ணு, ரத்தம், மூத்திரம் எல்லாம் டெஸ்ட் பண்ணி தண்ணில ஆர்சனிக்கும் டங்ஸ்டனும் அதிகம்னு பாத்தாங்க, ஆனா இதுதான் காரணம்னு ஒண்ணும் நிக்கல.

அதுக்காக தெரு ஜனங்க சொல்றத ஒதுக்கவும் முடியாது. மாசசூசெட்ஸ்ல வோபர்ன் ஊர்ல தண்ணி நாத்தம் அடிக்குது, பிள்ளைங்களுக்கு லுக்கீமியா வருதுன்னு ஒரு அம்மாதான் வீடு வீடா போய் கணக்கெடுத்து மேப்புல குறிச்சாங்க, 1979-ல ஜி, எச்-னு ரெண்டு கிணறுல ட்ரைக்ளோரோஎத்திலீன்ங்கற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருக்குன்னு மூடினாங்க. கடைசியில 1996-ல அந்த மாநில சுகாதாரத் துறை ஆய்வு என்ன சொல்லுச்சுன்னா, அந்த கிணத்துத் தண்ணிய அம்மா கர்ப்பத்துல குடிச்சதுக்கும் பிள்ளை லுக்கீமியாவுக்கும் சம்பந்தம் தெரியுதுன்னு, பிறந்த அப்புறம் பிள்ளை குடிச்சதுக்கு அப்படி தெரியலன்னு. எங்க தெருவுலன்னு சந்தேகம் வந்தா நீங்களும் எழுதி வைங்க, எந்த பிள்ளை, எந்த கேன்சர், எந்த வயசு, அந்த வீட்டுக்கு எப்ப குடி வந்தாங்க. மூணு பிள்ளைக்கு மூணு விதமான கேன்சர்னா தற்செயலா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே வகைன்னா சுகாதார அதிகாரிகிட்ட எழுத்துல குடுங்க, வாய்ல சொன்னா நிக்காது.

வோபர்ன்ல கர்ப்ப காலம்னு வந்துச்சே, அதுதான் நான் அடுத்து சொல்ல வந்தது, எப்ப பட்டுச்சுங்கறது. லண்டன்ல மெல் க்ரீவ்ஸ்னு ஒரு விஞ்ஞானி, லுக்கீமியா வந்த பிள்ளைங்களோட பிறந்தப்ப குதிகால்ல குத்தி எடுத்த ரத்தச் சொட்டு அட்டையில காஞ்சு இருக்குமே, அத எடுத்துப் பாத்தாரு. மூணு, நாலு வயசுல வந்த லுக்கீமியாவோட முதல் ஜீன் மாத்தம் பிறந்த அன்னிக்கே பல பிள்ளைங்க ரத்தத்துல இருந்துச்சு. சாதாரணமா பிறக்கற பிள்ளைங்கள்ல கூட நூத்துல ஒருத்தருக்கு அந்த மாத்தம் ஒண்ணு இருக்காம், அந்த நூத்துல ஒருத்தரா வர்றவங்கள்லயும் திரும்ப நூத்துல ஒருத்தருக்குத்தான் வியாதியா வருதாம். அப்ப ரெண்டாவதா ஒண்ணு நடக்கணும், அது பிறந்த அப்புறம் வர்ற சாதாரண தொற்றுக்கு உடம்பு தப்பா எதிர்வினை காட்டறதா இருக்கலாம், முதல் வருஷத்துல கிருமியே பழகாத பிள்ளைங்களுக்கு அது நடக்க வாய்ப்பு கூடன்னு 2018-ல அவர் விரிவா எழுதினாரு. இது இன்னும் சோதிச்சுகிட்டு இருக்கற கருத்து, அதனால பிள்ளைய மண்ணுல உருட்ட சொல்லல. ஆனா மூணு வயசுல வந்த வியாதிக்கு மூணு வயசுல தின்ன பிஸ்கட்ட குத்தம் சொல்றவங்களுக்கு இது பதில். என் மாமியார்கிட்ட இத நான் வரைஞ்சு காட்டினேன், அதுக்கப்புறம் அவங்க பப்பாளி பத்தி கேக்கவே இல்ல.

பரம்பரையான்னு கேக்கறவங்களுக்கு, 2015-ல அமெரிக்காவுல கேன்சர் வந்த 1,120 பிள்ளைங்களோட ஜீன படிச்சப்ப 8.5 சதவீதம் பேருக்குத்தான் பிறவியிலயே கேன்சருக்கு வழி பண்ற ஜீன் மாத்தம் இருந்துச்சு.

சரி, சாப்பாடும் சுற்றுச்சூழலும் ஒண்ணுமே இல்லையான்னா, அப்படி இல்ல, இருக்கு. செர்னோபில் 1986, அணுஉலை வெடிச்சு அயோடின்-131 புல்லுல விழுந்து, அத மாடு தின்னு, பால பிள்ளைங்க குடிச்சு, 2005-க்குள்ள பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவுல அப்ப பிள்ளைங்களா இருந்தவங்கள்ல 6,000-க்கும் மேல தைராய்டு கேன்சர், அதுல கணிசமான பகுதிக்கு அந்தப் பால் காரணம். சாப்பாட்டுல ஏற்கனவே அயோடின் குறைவா இருந்த ஊர் பிள்ளைங்க தைராய்டு இத இன்னும் அதிகமா இழுத்துகிச்சு. உகாண்டாவுல 1958-ல டெனிஸ் பர்கிட்னு ஒரு சர்ஜன் தாடையில வீங்கற ஒரு கட்டிய பத்தி எழுதினாரு, அப்புறம் கார எடுத்துகிட்டு ஆயிரக்கணக்கான மைல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போய் எங்கெல்லாம் அந்த கட்டி வருதுன்னு மேப் போட்டாரு, பாத்தா மலேரியா இருக்கற பகுதியோட ஒத்துப்போச்சு, 1964-ல அந்த கட்டியில இருந்தே ஒரு வைரஸையும் கண்டுபிடிச்சாங்க, எப்ஸ்டீன் பார் வைரஸ். 1971-ல பாஸ்டன்ல வயசுப் பொண்ணுங்க எட்டு பேருக்கு பெண்ணுறுப்புல அபூர்வமான கேன்சர், ஏழு பேரோட அம்மா கர்ப்பத்துல டி.இ.எஸ்-னு ஒரு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவங்க, அந்த மாத்திரைய கர்ப்பிணிங்களுக்கு குடுக்கறதே நின்னுச்சு. இதெல்லாம் உறுதியானது.

உறுதிக்கு ஒரு படி கீழ, ஆனா நான் மதிக்கறது ரெண்டு. வீட்டுக்குள்ள அடிக்கற பூச்சி மருந்து, முக்கியமா கர்ப்பத்துல. பல நாட்டு ஆய்வ சேர்த்துப் பாத்தப்ப திரும்பத் திரும்ப லுக்கீமியாவோட ஒரு சின்ன சம்பந்தம் வருது. ஞாபகப் பிரச்சனை இதுலயும் இருக்கு, இருந்தாலும் தவிர்க்கறதுல நஷ்டம் இல்ல, வீட்டுல மாசமா ஒருத்தர் இருந்தா கரையான் மருந்து, கரப்பான் ஸ்ப்ரே, எறும்பு சாக்பீஸ் வேணாம், கொசுவலை கட்டுங்க. ரெண்டாவது ஃபோலிக் ஆசிட். கனடாவுல 1998-ல மாவுல ஃபோலிக் ஆசிட் சேக்கறத கட்டாயமாக்கினாங்க, பிறவியில வர்ற முதுகுத்தண்டு குறைபாட்ட தடுக்க. அதுக்கப்புறம் ஆன்டாரியோ மாகாணத்துல நியூரோபிளாஸ்டோமா 60 சதவீதம் குறைஞ்சதுன்னு 2003-ல வந்துச்சு, ஆனா ஏ.எல்.எல் குறையல. ஒரே மாகாணம், முன்னாடி பின்னாடி கணக்கு மட்டும், அதனால நான் இத நிரூபணம்னு சொல்ல மாட்டேன், ஆனா கர்ப்பிணிங்களுக்கு குடுக்கற அந்த மாத்திரைய போட வேற காரணமே போதுமானது, தயவு செஞ்சு போடுங்க.

ட்ரீட்மென்ட் நடக்கற பிள்ளைங்களுக்கு இதே செய்திங்க எப்படி கெடுதல் பண்ணுதுன்னு நான் கண்ணால பாத்திருக்கேன். பக்கத்து பெட்ல ஒரு அப்பா, சர்க்கரை கேன்சருக்கு தீனின்னு படிச்சுட்டு பையனுக்கு சோறு, பழம், பால் எல்லாம் நிறுத்திட்டாரு, அஞ்சு வயசு பையன் கை எலும்பா போச்சு, கீமோவ தள்ளிப் போட வேண்டியதாயிடுச்சு. கேன்சர் செல் சர்க்கரைய அதிகமா எடுக்கும்ங்கறது உண்மை, கேன்சர் எங்க இருக்குன்னு பாக்கற பெட் (PET) ஸ்கேன் எடுக்கறதே அத வச்சுத்தான், ஆனா நீங்க பட்டினி போட்டா முதல்ல வாடறது நல்ல செல்லு. இட்லி, முட்டை, நல்லா வெந்த பருப்பு, நெய், தோல் உரிச்சு சாப்பிடற பழம், பிள்ளைக்கு எது இறங்குதோ அத சூடா புதுசா குடுங்க. ரத்தத்துல வெள்ளணு கவுண்ட் குறைஞ்சிருக்கறப்ப கோதுமைப்புல் சாறு, பச்சை இலைச் சாறு வேணாம், அதுல இருக்கற கிருமிய தாங்கற சக்தி அப்ப கிடையாது. மெத்தோட்ரெக்சேட்ங்கற கீமோ மருந்து போற பிள்ளைக்கு நீங்களா ஃபோலிக் ஆசிட் டானிக் குடுக்காதீங்க, அந்த மருந்து வேலை செய்யறதே ஃபோலேட்ட தடுத்துத்தான். எது குடுத்தாலும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, திட்டினாலும் பரவால்ல. ஜுரம் 100.4 தாண்டினா மாத்திரை குடுத்து வீட்டுல பாக்காம ராத்திரின்னாலும் கிளம்பிடுங்க.

இன்னும் நோய் தெரியாத வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு. உலகத்துல வருஷத்துக்கு சுமார் 4 லட்சம் பிள்ளைங்களுக்கும் வளர்ற பருவத்துல இருக்கறவங்களுக்கும் கேன்சர் வருது, பணக்கார நாடுகள்ல 80 சதவீதத்துக்கு மேல குணமாகறாங்க, பல ஏழை நாடுகள்ல 30 சதவீதம் கூட இல்ல. அந்த வித்தியாசத்த உண்டாக்கறது சாப்பாடு இல்ல, லேட்டா கண்டுபிடிக்கறது, பாதில ட்ரீட்மென்ட்ட விடறது, மருந்து கிடைக்காதது. ஃப்ளாஷ் போட்டோல கண்ணு பாப்பா வெள்ளையா மின்னுதா, முகம் வெளிறி காரணமில்லாம அங்கங்க கன்னிப் போகுதா, எலும்பு வலின்னு ராத்திரி அழுது நொண்டுதா, காலையில தலைவலியோட வாந்தி தொடர்ந்து வருதா, வயித்துல கட்டி மாதிரி தட்டுப்படுதா, உடனே காட்டுங்க. உணவுப் பட்டியல் போடற நேரத்துல இத ஒரு அஞ்சு பேருக்கு அனுப்புங்க.

ஆய்வுன்னு யாராவது உங்க வார்டுக்கு பேப்பர் கொண்டு வந்தா நிரப்பிக் குடுங்க. ஞாபகம் இருக்கறத மட்டும் சொல்லுங்க, ஞாபகம் இல்லன்னா இல்லன்னு எழுத சொல்லுங்க, அவங்க நல்லவங்களா நினைக்கணும்னு எதையும் குறைக்க வேணாம், பயத்துல கூட்டவும் வேணாம். ரத்தம் கேட்டா எதுக்குன்னு கேட்டுட்டு குடுங்க.

அந்த தங்கச்சிக்கு நான் அன்னிக்கு ராத்திரியே பதில் போட்டேன். "உன் நூடுல்ஸ் காரணம்னு சொல்ற ஒரு ஆய்வையும் நான் எட்டு வருஷத்துல பாக்கல. அந்த ஃபார்வர்ட்ல எந்த கேன்சர்னு இல்ல, யார்கிட்ட பாத்தாங்கன்னு இல்ல, எத்தனை பிள்ளைன்னு இல்ல, எந்த வருஷம்னு கூட இல்ல, அழிச்சுடு. நாளைக்கு கவுண்ட் என்னன்னு வந்ததும் சொல்லு, தம்பி என்ன சாப்பிட்டான்?" காலையில 7 மணிக்கு போட்டோ வந்துச்சு, ஸ்டீல் தட்டுல பாதி கடிச்ச இட்லி, பக்கத்துல நெய் ஒழுகின சின்ன விரல் தடம். கீழ எழுதியிருந்தா, "ஒன்றரை சாப்பிட்டான்க்கா. கவுண்ட் சாயங்காலம் வரும்."